வல்லாரைச் சோறு

மனைவி கோமளாவுக்கு மறதி முற்றியதிலிருந்து, மூளைக்கு நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் செய்துபார்த்தார் பரசுராமன். விடிந்ததும் கைபிடித்து நடக்கக் கூட்டிப்போவார். வந்ததும் வல்லாரைத் துவையல் அரைத்து, சோற்றில் பிசைந்து ஊட்டுவார். தன்னை யாரென்று ஒருமுறையாவது தெரிந்துகொள்ளமாட்டாளா என்று ஏங்கிக்கிடந்தார்.

அன்று வாயில் கவளத்தோடு அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் பழைய தெளிவு.

“என்னங்க, நம்ம செழியன் இன்னும் எந்திரிக்கலையா?”

மகனுக்குக் கொள்ளிவைத்த கை, சோற்றோடு அப்படியே நின்றுவிட்டது.

“அவன் வெளியூர் போயிருக்கான், கோமு.”

“எங்கிட்டச் சொல்லாமலேயா போனான்?”

அவர் கையிலிருந்த சோற்றை மறுபடி பிசைந்தார். “சொல்லிட்டுத்தான் போனான். நீதான் மறந்துட்டே.”

அதை நம்பி, அவள் வெட்கத்தோடு தன் தலையில் தட்டிக்கொண்டாள்.