ஏழாம் தகட்டின் ஓரம்

இங்கே வாருங்கள். இந்தக் கட்டைவிரலைப் பாருங்கள்.

சிவந்திருக்கிறது. மருதாணி இல்லை. இருபத்தோராண்டு ஆய்வகச் சாயம்.

அவள் தாவரவியல் துறைக்குக் குடுவை கழுவ வந்தவள். இன்றும் பதிவேட்டில் அவ்வளவுதான்.

இன்று கல்லூரியில் கண்காட்சி. செல்லைக் கண்டறிந்த வரலாறு.

சுவரில் வரிசையாகப் படங்கள். முதலாமவர் கார்க்குத் துண்டில் அறையறையாய்க் கண்டு, செல் என்று பெயரிட்டவர். செல் என்றால் சிற்றறை. அடுத்தவர் துணி வணிகர். தாமே வில்லை தீட்டி, ஒரு துளி நீருக்குள் உயிர்கள் நீந்தக் கண்டவர். பட்டம் பெறாதவர். லத்தீன் அறியாதவர். அவர் படத்துக்குத்தான் பெரிய மாலை.

கடைசிப் படம் பேராசிரியர் சபாநடேசனுடையது. உயிரோடிருப்பதால் மாலை இல்லை.

படத்தின் கீழே மேசை. மேசைமேல் ஏழாம் எண் கண்ணாடித் தகடு.

வாய்க்கால் ஓரத்துக் களைச்செடி ஒன்றின் வேர்நுனி அதில் பரந்து கிடக்கிறது. அதன் ஒரு செல்லுக்குள் பதினான்கு குரோமோசோம்கள் என்றன பழைய நூல்கள். பதினாறு என்றது இந்தத் தகடு. பேராசிரியரின் புகழ் முழுவதும் அந்த இரண்டின்மேல் நிற்கிறது.

வேர்நுனியை அமிலத்தில் இளக்கிச் சாயமேற்ற வேண்டும். மெல்லிய கண்ணாடியால் மூடி, ஒற்றுத்தாள் வைத்துக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். ஒரே அழுத்து. மயிரிழை நகர்ந்தாலும் செல்கள் கூழாகும்.

பேராசிரியர் அழுத்தியவை யாவும் கூழாயின.

அவள் விரல் நகரவில்லை.

எண்ணியவளும் அவளே. "ரெண்டு கூட இருக்கு சார்" என்றாள். மூன்று நாள் அவளை ஏசியவர், நான்காம் நாள் கட்டுரை எழுதினார்.

கட்டுரையில் அவள் இல்லை.

நேற்று விவரச்சீட்டு அடித்த தட்டச்சர் அருமைநாயகம் கேட்டார்.

"தயாரித்தவர்னு ஒரு வரி இருக்கே சார். யார் பேரப் போட?"

"எம் பேரத்தான் போடணும். பொறவு, அந்தக் கைநாட்டு பேரையா போடுவீரு?"

"பேருக்குப் பதிலா பெருவிரல ஒட்டிருவமா சார்?"

இருவரும் சிரித்தார்கள். தடுப்புக்கு அப்பால், தன் சிற்றறையில், அவள் குடுவை கழுவிக்கொண்டிருந்தாள்.

கைநாட்டு.

காலைதோறும் வருகைப் பதிவேட்டோடு மைப்பெட்டியை நீட்டுகிறார்கள். அவள் விரலை வைக்கிறாள். அறிவொளி வகுப்பில் அவள் எழுதக் கற்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உனக்கு எழுதத் தெரியுமா என்று இந்தக் கட்டடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. பேனாவை ஒருவரும் நீட்டியதில்லை.

கீழே கார் நிற்கும் ஓசை.

"துணைவேந்தர் வந்துட்டாரு. ஸ்லைடத் தொடச்சு வையி" என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் வாசலுக்கு ஓடினார்.

அவள் துணியை எடுத்தாள்.

தகட்டின் இடது ஓரத்தில் புதிய சீட்டு. தயாரித்தவர்: சபாநடேசன். அதை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். இருமுறை.

சீட்டை அவள் கிழிக்கவில்லை.

மேசை இழுப்பறையைத் திறந்தாள். கண்ணாடியில் எண் கீறும் வைரமுனைப் பேனா அங்கேதான் இருக்கும். அதை அங்கே எடுத்து வைப்பவளே அவள்தான்.

வலது ஓரம் காலியாக இருந்தது.

ஒரு கிறீச்சொலி. பிறகு இன்னொன்று. அவசரமில்லாத ஒலிகள்.

"என்னட்டி பண்ணுத அங்க?" வாசலிலிருந்து பேராசிரியர்.

அவள் கண்ணாடித் துகளை ஊதினாள்.

"தொடச்சிட்டேன் சார். இனி அழியாது."

துணைவேந்தர் வந்தார். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து எண்ணினார். பதினாறு என்றார். கைதட்டினார்கள். தகட்டின் நடுவைப் பார்த்தார்கள். ஓரத்தைப் பார்த்தவர் எவருமில்லை.

மாலையில் தகடு மரப்பெட்டிக்குப் போயிற்று. பெட்டி அலமாரிக்குப் போயிற்று.

அவள் பெயரை நான் இங்கே அச்சிட மாட்டேன். அச்சிட்டால் ஒருமுறை வருந்திவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். உங்களை நான் அறிவேன்.

உங்கள் ஊர்க் கல்லூரியிலும் அலமாரி இருக்கிறது. அதில் பெட்டி இருக்கிறது.

சாவியைக் கேளுங்கள். தர மறுத்தால், தரும்வரை நின்று கேளுங்கள்.

சீட்டைப் படிக்காதீர்கள்.

தகட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். ஓரத்தில் இருப்பதை உரக்கப் படியுங்கள்.