ராஜா தலைக் காசு
நெய்வேலி பஜாரின் வெள்ளிக் கடையில் சாயங்கால வெயில் கண்ணாடிப் பெட்டிமேல் சாய்ந்து கிடக்கிறது. மைன்ஸ் ஷிப்ட் முடிந்து, சேலைக்கு மேல் போட்ட காக்கிச் சட்டையோடு நிற்கிறாள் அமிர்தம். மகளுக்குக் கொலுசு செய்ய, உருக்கச் சொல்லி அவள் நீட்டிய, வெள்ளைக்கார ராஜா தலை போட்ட பழைய ஒரு ரூபாய்க் காசைக் கடைக்காரர் உரைகல்லில் இழுக்கிறார். கோடு செம்பாய்ச் சிவக்கிறது. “பாதிதாம்மா வெள்ளி. கலப்படம்” என்று அவளை ஏற இறங்கப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொந்த ஊரான வளையமாதேவியில் தாத்தா நெல் விற்று வாங்கி, மூன்று தலைமுறையாக மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த காசு. “எங்க வூட்டுல யாரும் கலப்படம் பண்ற ஆளுங்க இல்லீங்க. நல்லாப் பாருங்க.” அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காசைத் துடைக்கிறார், கறுப்பு விலகி வருஷம் தெரிகிறது. “அட, யுத்த காலத்துக் காசு! வெள்ளக்காரன் அப்ப வெள்ளியப் பாதியாக் கொறச்சிட்டு, அதே ஒரு ரூபான்னு அடிச்சி வுட்டான்” என்று சிரிக்கிறார். வெளியே வடலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே நிற்கிறது. அமிர்தம் சிரிக்கவில்லை. காசைப் பிடுங்கி, ராஜாவின் முகம் மேலே தெரியும்படி கண்ணாடிமேல் டக்கென்று வைக்கிறாள். “கலப்படம் பண்ணவன் மூஞ்சி இதுலியே இருக்குது. நீங்க ஏன் என் மூஞ்சியப் பாத்தீங்க?”