கீறல் விழாத ஹெல்மெட்

இறந்துபோன கணவனின் ஹெல்மெட்டைச் சுகந்தி ஹெல்மெட் கடை மேசைமேல் வைத்தாள். கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு கீறல்கூட இல்லியேம்மா. எதுக்குப் புதுசு?”

“அதனாலதான். அவரு ரோட்டுல விழுந்தாரு, இது தனியா போய் புல்லுல விழுந்துச்சு.”

போலீசைக் கண்டால் மட்டும் ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொள்கிறவன் அவள் கணவன். ஒருநாளும் வாரைப் பூட்டியதில்லை.

பழுது பார்த்து வந்திருந்த அண்ணனின் பைக்கில் சாய்ந்தபடி வாசலில் நின்றான் கொழுந்தன் கதிரேசன். வண்டியை வாங்க ஆள்கூடப் பார்த்துவிட்டான். இவள்தான் சாவியைக் கொடுக்கவில்லை.

சுகந்தி ஒவ்வொரு ஹெல்மெட்டாக மாட்டி, குனிந்து, சாமி வந்தவள்போலத் தலையை உதறினாள். ஆறு ஹெல்மெட்டுகள் நெற்றியை விட்டு நழுவின. ஏழாவது கன்னங்களைக் கவ்விப் பிடித்தது. வாரைப் பூட்டிக்கொண்டு கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

“பின்னாலேருந்து புடிச்சு இழு. கழண்டு வந்துச்சுன்னா வண்டிய இன்னிக்கே வித்துடு.”

அவன் சிரித்துக்கொண்டே ஒரு கையால் இழுத்தான். அசையவில்லை. பிறகு சிரிப்பை விட்டுவிட்டு இரண்டு கைகளாலும் இழுத்தான். அவளுடைய குதிகால்கள் தரையை விட்டு எழும்பின. கழுத்து நரம்பு புடைத்தது. கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

“போதும் அண்ணி, கழுத்து போயிடும்.”

“விடாத,” என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “வண்டிய விக்கச் சொன்ன எல்லாருக்கும் சேத்து இழு.”