மூன்றாவது பாயசம்

மெர்போக் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு அறையில் இந்த வாரத்தின் மூன்றாவது பாயசம் மணக்கிறது. யாருக்காவது திதி வந்தால் போதும், குடும்பமே வாழையிலைக் கட்டோடு வந்து இறங்கிவிடுகிறது. சோறு, சாம்பார், அப்பளம், கேசரி. இதைத் தின்ற வயிறுகள் இரவுவரை வேறெதையும் ஏற்பதில்லை. முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் உமாராணி, அவித்து உரித்த முட்டைத் தட்டோடு அடுப்படி வாசலில் நிற்கிறாள். முட்டைகளில் இன்னும் ஆவி பறக்கிறது. வாசலோரம் உட்கார்ந்திருக்கும் மருதம்மாள் பாட்டி இலை கேட்டுக் கையைத் தூக்கும்போது, போன மாதம் மணிக்கட்டிலேயே நின்ற வளையல் முழங்கைவரை சரிகிறது. சதை கரைகிறது, தினமும் முட்டை கொடுங்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“பாட்டிக்கு ஒண்ணே ஒண்ணு வைக்கிறேன் அண்ணே. ஒடம்புல சத்தே இல்ல.”

“இன்னிக்கு வேணாம்லா தங்கச்சி.” திதி கொடுக்க வந்த சத்தியசீலன் சாம்பார் வாளியைக் கீழே வைக்காமலே சொல்கிறார். “அப்பாவுக்குப் பிடிச்ச கோழி, முட்டை எல்லாம் நேத்தே வீட்டுல படையல் போட்டாச்சு. இங்க புண்ணியத்துக்குச் செய்யறது. சைவமாவே இருக்கட்டும்.”

உமாராணி தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். சுவரோரம், மாலை போட்ட படத்துக்குள் சத்தியசீலனின் அப்பா கொழுகொழுவென்று சிரிக்கிறார். மருதம்மாள் உமாராணியின் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாள்.

“அவருக்கு முட்டை வெச்சாங்களாமா?”

“வெச்சாங்களாம் பாட்டி.”

மருதம்மாள் படத்தையே பார்க்கிறாள்.

“கொடுத்து வெச்ச மனுஷன்.”