சாதாரண மனிதர் உத்தியோகம்

திருப்பூர் வணிக நீதிமன்றத்தில் நாச்சிமுத்துவுக்குச் 'சாதாரண மனிதர்' உத்தியோகம். ஒப்பந்தத்தை ஒருமுறை படித்ததும் அவருக்கு என்ன தோன்றுகிறதோ, அதுதான் சட்டப்படி அதன் பொருள். ஆறு வருடமாக ஊரே அவர் மண்டையை நம்பித்தான் பனியன் விற்றது.

அன்றைய வழக்கில் ஒரே வரி: "சரக்கு தீபாவளிக்குள் வந்து சேர வேண்டும்." சரக்கு வந்ததோ தீபாவளியன்று சாயங்காலம்.

"சொல்லுங்க," என்றார் நீதிபதி.

நாச்சிமுத்து தாடையைத் தடவினார். "இதுல தீபாவளிக்கு வரையறைப் பிரிவு ஏதாவது இருக்குங்களா?"

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "போச்சு. உங்களுக்கும் சட்டம் ஒட்டிக்கிச்சு."

வேலை அந்த நிமிடமே போனது. வழக்கு அந்தரத்தில் நிற்கவே, சாப்பாட்டுக் கூடையோடு வாசலில் நின்ற நாச்சிமுத்துவின் மனைவி தெய்வானையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

"தீபாவளியன்னைக்குப் பொழுது சாய வந்து எறங்குனா, அந்தப் பனியனை யாருங்க வாங்கிப் போடுவா? விக்கறதுக்கு நாள் வேண்டாமுங்களா?"

தீர்ப்பும் அதுவே, உத்தியோகமும் அவளுக்கே.

மறுநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்த நாச்சிமுத்து, "இங்க பாரு புள்ள, ஒப்பந்தம்னா மொதல்ல..." என்று ஆரம்பித்தார்.

தெய்வானை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "ஏனுங்க, எதையும் சொல்லிக் குடுத்துராதீங்க. இந்த வேலையும் போயிரும்!"