இன்னும் கொஞ்சம் சத்தமா

"இதைவிட இன்னும் கொஞ்சம் சத்தமா ஓடுறது இருக்கா?"

கணவன் இப்படிக் கேட்டதும் கடைக்காரர் அவளைத்தான் பார்த்தார். அவளுக்குக் காது மடல் சூடானது.

வீட்டிலிருந்தபடியே கல்யாண ஆல்பம் வடிவமைப்பவள் அவள். படங்களின் அருமை தெரியும். மாமியார் காலமான பிறகு அவருடைய படங்களும் வீடியோக்களும் ஆளுக்கொரு போனில் சிதறிக் கிடந்தன. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பத்திரப்படுத்த வீட்டுக்கென்று ஒரு சர்வர் பெட்டி வாங்கலாம் என்று ஆரம்பித்ததே அவள்தான். ஒரு டிஸ்க் கெட்டாலும் இன்னொன்றில் அதே படங்கள் இருக்கும் என்று கணவனுக்குப் பாடம் நடத்திக் கூட்டி வந்திருந்தாள்.

அவள் தேர்ந்தெடுத்தது கைக்கு அடக்கமான பெட்டி. உள்ளே சுற்றுகிற பாகமே கிடையாது. ஓடுகிறதா இல்லையா என்று விளக்கைப் பார்த்தால்தான் தெரியும்.

"இதுவே போதுங்க."

"சத்தமே வரலியே."

"வராம இருந்தா நல்லதுதானே?"

அவன் அடுத்த பெட்டியை ஓடவிடச் சொன்னான். பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றின் மேலும் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். தூரத்தில் போகிற ரயிலைக் கேட்கிறவன் மாதிரி அப்படியே நின்றான். கடைசிப் பெட்டியில் அவன் முகம் இளகியது.

"சார், இது ஆபீஸ்ல போடுற டிஸ்க்," என்றார் கடைக்காரர். "ஃபேனும் பெருசு. வீட்ல வச்சீங்கன்னா உர்ர்னு உறுமிக்கிட்டே கிடக்கும். அப்புறம் வந்து என்னைத் திட்டுவீங்க."

"திட்ட மாட்டேன். இதையே குடுங்க."

அவன் இஷ்டம் என்று அவள் விட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்து அவன் செய்த காரியம்தான் அவளைப் பேச வைத்தது. பெட்டியை நேராக மாமனார் அறைக்குக் கொண்டுபோய், கட்டிலோரம் வைத்து ஓடவிட்டான்.

"என்னங்க இது? மாமா ஒழுங்காத் தூங்கியே எவ்வளவு நாளாச்சு. கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கு. அவர் தலைமாட்டுலயா இதை வைப்பீங்க?"

"இங்கதான் இடம் இருக்கு."

"ஏன், ஹால்ல இல்லையா?"

"ஹால்ல நீ வேலை பாக்குற. உனக்குத் தொந்தரவா இருக்கும்."

பெத்த அப்பாவுக்குத் தொந்தரவா இருந்தா பரவாயில்லையா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். வயசானவர் எதையும் வாய் விட்டுக் கேட்க மாட்டார் என்றுதானே இந்த அலட்சியம்? மனசு கசந்து போனது.

மறுநாள் அவன் வேலைக்குக் கிளம்பியதும் முடிவு செய்துவிட்டாள். பெட்டியை ஹாலுக்கு மாற்றிவிட வேண்டியதுதான். வந்து கேட்டால் கேட்கட்டும்.

மத்தியானம் மாமனார் அறைக் கதவை மெல்லத் தள்ளினாள்.

திரைச்சீலை வழியாக வெயில் மஞ்சளாகக் கசிந்து, அறையே தண்ணீருக்கடியில் இருப்பதாகத் தோன்றியது. பெட்டி ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமலில் சுவரும் அலமாரியும் வெளிச்சத்தில் அலைந்த தூசியும் எங்கேயோ மிதந்து போய்க்கொண்டிருந்தன. அவளுக்கே ஒரு கணம் இமை கனத்தது.

மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை, கட்டிலின் காலிப் பக்கத்தில் நீண்டு கிடந்தது.

அசதியில் கண்ணசந்துவிட்டார் போல, பாவம். எழுவதற்குள் எடுத்துவிடலாம் என்று சுவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் குந்தினாள்.

பெட்டியைச் சுற்றி, தரையில் சக்கரங்கள் நின்று தேய்ந்த வட்டத் தடங்கள்.

மாமியாருக்கு மூச்சு கொடுத்த ஆக்ஸிஜன் மெஷின் நின்ற இடம் அது. வருஷக்கணக்கில் ராப்பகலாக உறுமிக்கொண்டிருந்தது. அவர் போன அன்றைக்கு, இதே சுவிட்சை அணைத்தது கணவன்தான்.

அவள் விரல் சுவிட்சின் மேலேயே நின்றது.

"நிறுத்திடாதம்மா," என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே. "இப்பத்தான் அவளுக்கு மூச்சு சீரா வருது."