சேமிக்கப்பட்டது

"நாலு டிஸ்க் வாங்குற காசுக்கு ஒண்ணே ஒண்ணு வாங்கச் சொல்றியே, உனக்கே இது நியாயமா இருக்காம்மா?"

நிர்வாக அதிகாரி கோரிக்கைத் தாளை மேசைமேல் விசிறினார். எதிரே நின்றவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோயாளிகளின் விவரம் முழுவதும் இருக்கும் சர்வர் அவள் பொறுப்பு. ஆஸ்பத்திரியே அவளைச் சர்வரம்மா என்றுதான் கூப்பிடும்.

"நியாயத்தைப் பத்தி நீங்க பேசாதீங்க சார். வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போடுற டிஸ்க்கைக் கொண்டாந்து சர்வர்ல மாட்டிட்டு, பழியை ஒரு நர்ஸ் தலையில போடுறீங்க!"

"அவ பொய் சொல்றாம்மா. இந்த மருந்து இவருக்கு ஒத்துக்காதுன்னு பதிவு பண்ணினாளாம். சேமிச்சாச்சுன்னு வந்துச்சாம், கண்ணால பார்த்தாளாம். அப்ப அந்தப் பதிவு எங்கே, காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சா? அடுத்து வந்தவங்க அதே மருந்தைப் போட்டு, அந்த நோயாளி பிழைச்சதே பெரிசு. இன்னிக்கே அவளை வீட்டுக்கு அனுப்புறேன்."

பதினோரு வருஷத்தில் ஒரு மாத்திரைகூட மாற்றிக் கொடுக்காத நர்ஸ். காலையில் லிஃப்ட் பக்கம் சுவரைப் பார்த்து நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அநியாயம்! சர்வரம்மாவின் குரல் தானாக உயர்ந்தது.

"அவங்க பதிவு பண்ணின அடுத்த நொடி கரண்ட் போச்சு சார். யூ.பி.எஸ்ஸும் கைவிட்டுடுச்சு. இந்த டிஸ்க் இருக்கே, மாத்திரையை நாக்குக்கு அடியில ஒளிச்சுக்கிட்டு முழுங்கிட்டேன்னு சொல்ற பிள்ளை மாதிரி. எழுதறதுக்கு முன்னாடியே எழுதிட்டேன்னு சொல்லிடும். நான் கேக்குற டிஸ்க்ல, கரண்ட் போனாலும் எழுதி முடிக்கிற அளவுக்கு உள்ளேயே மின்சாரம் சேர்த்து வெச்சிருக்கும்."

"கதை விடாதே. இது என்ன வேகமா ஓடுது தெரியுமா?"

"முழுங்காதவன் வேகமாத்தான் சாப்பிடுவான். வாங்க, காட்டுறேன்."

கோரிக்கைத் தாளைக் கையோடு எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். சர்வர் அறையில் அதே ரக டிஸ்க்கோடு ஒரு சோதனை மெஷினைத் தயாராக வைத்திருந்தாள். பிளக்கைப் பிடித்துக்கொண்டு, திரைக்கு முதுகு காட்டி நின்றாள்.

"எதை வேணும்னாலும் டைப் பண்ணுங்க. நான் பார்க்க மாட்டேன். அப்புறம் நான்தான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லுவீங்க. சேமிச்சாச்சுன்னு வந்ததும் சொல்லுங்க."

அதிகாரி இரண்டு விரலால் தட்டினார். கொஞ்ச நேரத்தில் முடிகிற மாதிரி தெரியவில்லை. அவள் பிளக்கை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வந்தாச்சு!" என்றார் ஒருவழியாக.

படக்கென்று பிடுங்கினாள். மறுபடி செருகினாள். மெஷின் முக்கி முனகி எழுந்தது. திரையில் ஒரு பதிவும் இல்லை.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கேம்மா? நான் டைப் பண்ணினேன்! சேமிச்சாச்சுன்னு வந்துச்சு, என் கண்ணால பார்த்தேன்! பின்னே, நான் என்ன பொய்யா சொல்றேன்?"

கத்தி ஓய்ந்தவருக்கு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. கோரிக்கைத் தாளைக் கேட்டு வாங்கி, நின்றபடியே கையெழுத்துப் போட்டார்.

"அப்படி என்ன சார் டைப் பண்ணினீங்க, அவ்வளவு நேரமா?"

பேனாவை மூடிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்த நர்ஸை வேலையை விட்டு நீக்குற உத்தரவு."